கிசுகிசுப்பதும் பேச்சுதான்

மார்ச் 3, செவ்வாய்

"மூன்றாம் நடைமேடை" என்று சொல்லி முடிப்பதற்குள் தொண்டை இரண்டு முறை கட்டிக்கொண்டது. பஸ் ஸ்டாண்டு அறிவிப்புக் கூண்டின் ஜன்னலில் ஒரு கண்டக்டர் தலையை நீட்டி, "என்ன மைக் அக்கா, ரேடியோ சரியா புடிக்கலையா?" என்றார். சிரித்து வைத்தேன். குரல்நாணில் சின்னக் கட்டி, வெள்ளிக்கிழமை எடுக்கிறார்கள். காலையில் போனால் சாயங்காலமே வீடு.

மேனேஜர் முகத்தைப் பாவம் போல வைத்துக்கொண்டு, "நீங்க வர்ற வரைக்கும் பதிவு பண்ண குரலைப் போட்டுப் பாக்கறோம்மா. உங்க குரல் சரியா வரலைன்னா அப்புறம் யோசிப்போம்" என்றார். என்ன யோசிப்பார் என்று எனக்குத் தெரியாதா?

மார்ச் 4

ஆபரேஷனுக்கு முன்னால் பார்க்கச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து போனுக்கு நாலு வீடியோ. முதலாவதைத் திறந்தேன். "வணக்கம். உங்கள் அறுவை சிகிச்சைக்கு..." என்று உயிரே இல்லாத ஒரு மெஷின் குரல். என் பிழைப்பில் மண்ணைப் போட வருவதும் இதே ஜாதிக் குரல்தான். அது எனக்குப் பாடம் நடத்துவதா? மூடிவிட்டேன். நர்ஸ் போன் செய்து கேட்டபோது, "எல்லாம் பாத்துட்டேன்" என்று ஒரு பொய்.

வீட்டுக்காரர் என் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். "ம்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து எனக்குக் கிடைக்கிற பதில் இதுதான். லேத் பட்டறைச் சத்தத்தில் வேலை பார்த்துப் பார்த்துப் பேச்சே விட்டுப்போன மனுஷன். இந்த ஒரு "ம்"முக்காகவா நான் வாய் வலிக்கப் பேசுகிறேன் என்று எரிச்சலாக வரும்.

மார்ச் 6

காலையில் டீயை வாய்க்குக் கொண்டுபோனேன். வீட்டுக்காரர் டம்ளரை வாங்கித் தொட்டியில் கொட்டிவிட்டார். "வெறும் வயிறா வரணும். வீடியோல சொன்னாங்க." குடித்திருந்தால் ஆபரேஷனே தள்ளிப் போயிருக்கும் என்று பிறகு நர்ஸ் சொன்னாள். ஓ, மாடிப்படியில் நடந்தது அதுதானா.

மார்ச் 7

வீட்டில் இருக்கிறேன். ஒரு வாரம் வாயே திறக்கக் கூடாது. எச்சிலில் லேசாக ரத்தம் தெரிந்ததும் வெலவெலத்துப்போய் அவரை உலுக்கினேன். அவர் பதறவில்லை. "முதல்ல இப்படி இருக்குமாம். நிறைய வந்தாத்தான் போன் பண்ணணும். ரெண்டாவது வீடியோ." நெஞ்சு அடங்கியது.

பட்டறையில் பேசிக்கொள்ளும் கைஜாடைகளைச் சொல்லிக்கொடுத்தார். தண்ணீர். இங்கே வா. போதும். கடைசி ஜாடையை என்னிடம் காட்ட எத்தனை வருஷம் காத்திருந்தாரோ.

மார்ச் 8

இந்த வீட்டில் இன்று மிக்ஸிதான் வாயாடி.

மார்ச் 9

தங்கை போன் செய்தாள். அவர் பட்டறையில். பேசத்தானே கூடாது, குசுகுசுவென்று சொன்னால் என்ன? அவள் தன் மாமியார் கதையைச் சொல்லச் சொல்ல எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. வைத்தபோது தொண்டை திகுதிகுவென்று எரிந்தது.

அப்புறம்தான் மூன்றாவது வீடியோவைத் திறந்தேன். அதே குரல். "கிசுகிசுப்பதும் பேச்சுதான். அது குரல்நாணை இன்னும் சிரமப்படுத்தலாம்."

ஏன்டி, இதை முன்னாடியே பாத்துத் தொலைச்சிருக்கக் கூடாதா? ஊருக்கெல்லாம் வழி சொல்ற, உனக்கு ஒருத்தி சொன்னா காது கேக்காதா? போச்சு. மைக்கும் போச்சு, எல்லாம் போச்சு —

மாலை

நடந்ததைக் காகிதத்தில் எழுதி அவரிடம் நீட்டினேன். படித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். இனிமேலாவது சுத்தமாகப் பேசாமல் இருக்கணும், வெள்ளிக்கிழமை டாக்டர் பார்ப்பார் என்றார்களாம். திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பேசினார்.

"சாப்பாட்டு நேரத்துல மெஷினை நிறுத்துவோம்ல, அப்போ நான் வாசலுக்கு வந்துடுவேன். பஸ் ஸ்டாண்டுல நீ பேசறது அங்க வரைக்கும் கேக்கும். கேட்டுக்கிட்டேதான் சாப்பிடுவேன். இன்னிக்கு அந்தப் பதிவுக் குரல் கேட்டுது. சோறு எறங்கல."

இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று ஜாடையில் கேட்டேன்.

"நீ எங்க இடம் விட்ட?"

அழுதுகொண்டே சிரித்தேன், சத்தமில்லாமல்.

மார்ச் 13

டாக்டர் கேமராக் குழாயை விட்டுப் பார்த்தார். லேசான வீக்கமாம். இன்னும் சில நாள் மௌனம். குரல் எப்படி வரும் என்று இப்போது சொல்ல முடியாதாம்.

நாலு வீடியோவையும் உட்கார்ந்து பார்த்தேன். நியாயமாகச் சொன்னால், அந்த மெஷின் பெண்ணுக்கு ழகரம் நன்றாக வருகிறது.

மார்ச் 17

வீக்கம் வடிந்துவிட்டது, குரல் பயிற்சியை ஆரம்பிக்கலாம் என்றார் டாக்டர். நான்காவது வீடியோப்படி எடுத்த எடுப்பில் பேசக் கூடாது. உதட்டை மூடிக்கொண்டு மெல்ல ஒரு ஒலி, அவ்வளவுதான். அவர் எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். கரகரவென்று வந்தால்?

"மறுபடியும் பட்டறை வாசல் வரைக்கும் கேக்குமா?" என்றார்.

"ம்" என்றேன்.

கட்டவில்லை, பிசிறில்லை. இத்தனை வருஷம் நான் திட்டித் தீர்த்த அதே "ம்". அவர் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு,

"இன்னொரு தடவை சொல்லு" என்றார்.