வாபஸ் வாங்கிய கையெழுத்து

கராச்சர்மா,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள சௌமிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே தீவில் சுகம், மழைதான் விட்டபாடில்லை, காயாத துணிக்கு நடுவில் குனிந்து குனிந்து நடந்துகொண்டு சுகமாகத்தான் இருக்கிறோம். அங்கே கிளாஸ்கோவில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று முருகனைத் தினமும் கேட்டுக்கொள்கிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது. பின்பக்கப் பாக்கு மரம் ஒன்று காற்றில் சாய்ந்தது, நல்லவேளை கூரைமேல் விழவில்லை. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம், ஆனால் இப்போது சொல்லவந்த விஷயத்தை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நம் தெருமுனை சமுதாயக்கூடத்தின் பின்னறையில் அங்கன்வாடி நடக்கிறதல்லவா, பன்னிரண்டரைக்கெல்லாம் கிச்சடி கொடுத்துப் பிள்ளைகளை அனுப்பிவிடுவார்கள். அதை முன்ஹாலுக்கும் விரித்து சாயங்காலம் ஐந்து மணிவரை நடத்தலாமா, கைக்குழந்தைகளையும் சேர்க்கலாமா, அரசாங்கச் சம்பளத்தில் இன்னும் இரண்டு பேரைப் போடலாமா என்று ஏப்ரலில் ஊர்க்காரர்களிடம் கருத்துக் கேட்டு நோட்டீஸ் ஒட்டினார்கள். ஹார்டுவேர் கடை ஆவுடையப்பன் உடனே எதிர்ப்பு மனு ஒன்றை எழுதிக்கொண்டு வீடு வீடாக வந்தார். பெத்தவ பாக்க வேண்டிய வேலைக்கு சர்க்காரு ஏன்க்கா துட்டு குடுக்கணும், நாளைக்கு ஒரு காதுகுத்துக்குக்கூட நமக்கு ஹால் கிடைக்காது பாத்துக்கிடுங்க என்றார். அவர் முடிப்பதற்குள் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வேலைக்கும் போய் நான் உன்னை வளர்க்கவில்லையா என்ற கர்வம்தான். அப்பா கண்ணாடியைத் தேடுகிறேன் என்று உள்ளே போனவர் ஆவுடையப்பன் போகும்வரை வெளியே வரவில்லை. அதே வாரம்தான் நீ போன் செய்து, திரும்ப வேலையில் சேரப்போகிறேன், குழந்தையை நர்சரியில் விடப்போகிறேன் என்றாய். பெற்றதை அந்நியர் கையில் கொடுத்துவிட்டு அப்படி என்ன சம்பாத்தியம், நான் ஒருத்தியாக உன்னை வளர்க்கவில்லையா என்று கேட்டேன். அன்றிலிருந்து நீ என்னிடம் சாப்பாட்டையும் மழையையும் தவிர வேறு எதுவும் பேசுவதில்லை.

நம் பின்சுவருக்கு அந்தப் பக்கம், மழைத்தண்ணீர் போகிற நாலா ஓரத்து வரிசை வீட்டில் லூசி என்று ஒருத்தி இருக்கிறாள், நீ பார்த்ததில்லை, குளச்சல் பக்கத்துக்காரர்கள். புருஷன் ஜெபராஜ் படகில் போனால் கரைக்கு வரப் பத்துப் பன்னிரண்டு நாளாகும். இவளுக்கு மின்னி பேயில் ஒரு லாட்ஜில் சமையல் வேலை. மகள் பிரவீனாவுக்கு மூன்றரை வயது. அங்கன்வாடி விட்டதும் பக்கத்து வீட்டு பெங்காலி அம்மாள்தான் பார்த்துக்கொள்வாள், அவள் தன் மகள் பிரசவத்துக்கு திக்லிபூர் போய்விட்டாள். ஜூனில் ஒரு நாள் லூசி மத்தியானம் பஸ் பிடித்து ஓடிவந்து, அங்கன்வாடியிலிருந்து பிள்ளையைக் கூட்டிப்போய் வீட்டில் தூங்கவைத்து, வெளியே பூட்டிக்கொண்டு திரும்ப வேலைக்குப் போயிருக்கிறாள். இரண்டு மணிக்குமேல் கொட்டிய மழையைச் சொல்லி மாளாது. கரண்ட் போயிற்று, நாலா நிரம்பி அந்த வரிசை வீடுகளுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. எனக்குப் பூனை கத்துவது மாதிரிக் கேட்டது. காதை வைத்துக் கேட்டால் குழந்தைக் குரல். அப்பா கடப்பாரையை எடுத்துக்கொண்டு முன்னால் போக, நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் போனேன். பூட்டு இரண்டு போடுக்கு அசையவில்லை, மூன்றாவதில் கொண்டியோடு பிய்ந்துகொண்டு வந்தது. உள்ளே என் முட்டிவரை தண்ணீர். கட்டிலிலிருந்து இறங்கிவிட்ட பிள்ளை இடுப்புவரை நனைந்து, அரிசி டிரம்மைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறது. நான் தூக்கியதும் அழவில்லை சௌமி. அம்ம வந்தாச்சா என்று மட்டும் கேட்டது. அப்பா கடப்பாரையைப் போட்டுவிட்டு அந்தத் தண்ணீரிலேயே சுவரில் சாய்ந்து நின்றுவிட்டார்.

லூசி ரோட்டிலிருந்தே அலறிக்கொண்டு ஓடிவந்தாள். பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று கண்ணால் பார்த்த பிறகும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. நீயெல்லாம் ஒரு தாயா, பூட்டிட்டுப் போக உனக்கு எப்படி மனசு வந்தது என்று கத்தினேன். அவள் பிள்ளையைத் துடைத்துக்கொண்டே, அங்கன்வாடிய மத்தியானத்தோட சாத்துறாவ, எனக்கு நாலரைக்கு மேலதான் வேலை முடிஞ்சு சுட்டி, எனக்க பிள்ளைய நான் எங்க கொண்டு விட ஆன்ட்டி, சாயங்காலம் வரை வேண்டாமுன்னு அந்த மனுக் கடலாசில நீங்களும் ஒப்புப் போட்டிருக்கேளே என்றாள். அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

அந்த நோட்டீஸ் விஷயமாக அடுத்த வாரம் ஹாலில் கூட்டம். இத்தனை பேர் நம் ஏரியாவில் இருக்கிறார்களா என்று இருந்தது. பச்சே தும்ஹாரே, சம்பாலே சர்க்கார் என்று பின்வரிசையில் ஒருவர் சொல்ல ஒரே சிரிப்பு. பிள்ளை உங்களுடையது, பார்த்துக்கொள்வது சர்க்காரா என்று கேலி. ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் கிருஷ்ணமூர்த்தி, நடத்தட்டும், ஆனால் சும்மா கொடுத்தால் மதிப்பிருக்காது, வசதி உள்ளவரிடம் கட்டணம் வாங்கட்டும் என்றார். ஆட்டோ ஓட்டுகிற தெலுங்குப் பையன் ஒருவன், என் மனைவி நர்சிங் படித்துவிட்டு மூன்று வருஷமாகப் பிள்ளையோடு வீட்டில் இருக்கிறாள், அந்தப் படிப்புக்கும் சர்க்கார்தானே செலவு செய்தது, அது வீணா என்று ஹிந்தியில் கேட்டான். லூசி கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றாள். நான் எழுந்தேன். அந்த மனுவில் மூன்றாவது கையெழுத்து என்னுடையது, அதை வாபஸ் வாங்குகிறேன் என்றேன். என்னக்கா, போட்டுட்டு இப்படி மாத்திப் பேசலாமா என்றார் ஆவுடையப்பன். நான் சொன்னேன், நானும் வேலைக்குப் போனவதான் தம்பி, வீட்டுல என் நாத்தனார் அமிர்தவல்லி இருந்தாங்க, அதனால பூட்டுச் சாவி எனக்குத் தேவைப்படல. அவங்க மெயின்லேண்ட் போன மூணு மாசம் என் பொண்ணு செக்ரடேரியட்டுல என் டைப்ரைட்டர் மேஜைக்கு அடியிலதான் தூங்கினா, சர்க்கார் மேஜை, சர்க்கார் ஃபேன், ஆபீசர் பாத்தும் பாக்காத மாதிரி போவாரு. என் பிள்ளைய சர்க்கார் வளக்கலாம், லூசி பிள்ளைய வளக்கக் கூடாதா என்றேன். யாரும் சிரிக்கவில்லை. வேண்டும் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னபோது பாதிக்குமேல் தூக்கினார்கள். அப்பா இரண்டு கையையும் தூக்கினார், ஒன்றை இறக்கச் சொன்னார்கள்.

ஆனாலும் மேலே போன ஃபைல் என்ன ஆகுமோ என்று ஒரு மாதம் அங்கன்வாடி டீச்சரை நிறுத்தி நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தேன். போன வாரம் ஆர்டர் வந்துவிட்டது. ஐந்து மணிவரை, கைக்குழந்தையும் சேர்த்து. வசதியுள்ளவர்களிடம் கட்டணம் என்பதை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள், பேசட்டும். ஆவுடையப்பன் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை, ஆனால் அவர் மருமகள் நேற்று வந்து எத்தனை மாதக் குழந்தையைச் சேர்ப்பார்கள் என்று காதோடு கேட்டுவிட்டுப் போனாள். ஐந்து மணிவரை நடந்த முதல் நாள், வியாழக்கிழமை, லூசியோடு நானும் அங்கன்வாடிக்குப் போயிருந்தேன். பிரவீனா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள், எங்கள் பக்கம் திரும்பக்கூட இல்லை. லூசி பஸ்ஸுக்கு நடந்துதான் போனாள், ஓடவில்லை. அன்று மத்தியானம் நானும் மாதக்கணக்கில் தூங்காத தூக்கம் தூங்கினேன்.

சௌமி, போனில் அம்மா சொன்னது தப்பு. உன்னை ஒண்டியாக வளர்த்தது மாதிரி நான் பேசியது அதைவிடப் பெரிய தப்பு. நீ வேலையில் சேர். குழந்தை நாலு குழந்தைகளோடு விளையாடட்டும், தமிழை வீட்டில் விடாமல் பேசுங்கள், அது போதும். மாப்பிள்ளையும் முறைபோட்டுக் கூட்டிவரட்டும், எல்லாம் உன் தலையில் வேண்டாம். நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் தீர்க்காயுசாக இருக்க அப்பாவும் நானும் மனதார ஆசீர்வதிக்கிறோம்.

நீ இன்னும் நர்சரிக்குப் பதில் எழுதவில்லை என்று மாப்பிள்ளை அப்பாவிடம் சொன்னாராம், இந்த மாதக் கடைசிக்குள் எழுதிவிடு, இடம் போய்விடப் போகிறது. முதல் நாள் விடும்போது உனக்கு அழுகை வரும். வாசலைத் தாண்டி வந்து அழு, அழுதுகொண்டே எனக்கு போன் செய், எந்த நேரமானாலும் எடுப்பேன்.

இப்படிக்கு உன் அம்மா
நீலாவதி ஜெகநாதன்