அந்தோனியார் கழுத்தில் உன் மெடல்

வட்டகொடை,
ஞாயிறு மாலை.

அன்பு மகன் றொக்சனுக்கு,

அந்தோனியார் புண்ணியத்தில் அம்மாவும் நானும் சுகம், என் முழங்காலைத் தவிர. ஆப்பிரிக்காவில் உன் ஒரு வருஷத்து வேலையை நல்லபடி முடித்துக்கொண்டு, இந்தக் கடிதம் கைக்கு வரும்போது நீயும் சுகமாய் வந்து இறங்கியிருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே இரண்டு வாரமாக விடாத மழை, தேயிலைக் கொழுந்து குறைவு, துணி காய்வதில்லை. அம்மா அடுப்புக்கு மேலே கயிறு கட்டி என் சட்டைகளைக் காயப்போடுகிறாள், பூசைக்குப் போனால் புகை நாற்றத்தில் பக்கத்தில் இருப்பவர்கள் தள்ளி உட்காருகிறார்கள்.

நீ போனில் கேட்டபடி மெடல்களை பிஸ்கட் டின்னோடு வேன் ஓட்டும் கிஷாந்த் கையில் உன் விமானப்படை கேம்புக்குக் கொடுத்தனுப்புகிறேன். அடுத்த வாரப் புதன்கிழமை விழாவில் புது மெடல் குத்தும்போது பழையவை எல்லாம் சட்டையில் இருக்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் பெரிய அதிகாரிகள் முன்னால் மானம் போய்விடும் என்றாய். டின்னைத் திறந்து பதறாதே தம்பி, ஒன்று குறையும். மண்சரிவு நேரம் மூடுபனிக்குள் ஹெலியை இறக்கி ஆட்களைத் தூக்கியதற்குக் கொடுத்தார்களே, அதுதான். களவு போகவில்லை. நம் கோயிலில் அந்தோனியார் கழுத்தில் தொங்குகிறது.

நீ ஆப்பிரிக்கா போன மறுநாளே அம்மா கொண்டுபோய் மாட்டிவிட்டாளாம். மாலைகளுக்குள் மறைந்து கிடந்ததால் என் கண்ணில் படவில்லை, பூசையில் தூங்கினால் எப்படித் தெரியும் என்கிறாள் அவள். நேர்ச்சைக் காணிக்கையா என்று கேட்டேன், இல்லையாம், அடகாம். என் புள்ள வீடு வந்து சேர்ற வரைக்கும் இத வச்சுக்கங்க, அவனே வந்து மீட்டுக்குவான்னு சொல்லிட்டு வந்தேங்க என்றாள். அதுதான் வருகிற வியாழக்கிழமை வந்துவிடுகிறானே என்றால், கட்டுநாயக்கா ஏர்போட்டுல எறங்குனா வந்ததா ஆயிருமா, வட்டகொட ஸ்டேசன்ல எறங்கணும்ங்க என்கிறாள். கீழ் லயத்து வரிசை வீட்டு அம்மாக்கண்ணுவுக்குக்கூட விஷயம் தெரியும். அவள் மகள் சுலக்ஷனாவை மண்சரிவு அன்றைக்கு நீதானே ஹெலியில் தூக்கினாய். மாரியம்மனைக் கும்பிடுகிறவள், செவ்வாய்க்கிழமை தவறாமல் வந்து அந்த மெடலுக்குக் கீழே மெழுகுதிரி கொளுத்துகிறாளாம். ஊருக்கே தெரிந்திருக்கிறது, வீட்டுக்காரனுக்குத்தான் தெரியவில்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பிள்ளை பாடுபட்டு வாங்கியதை அடகு வைக்க இவள் யார் என்று நேற்று ஃபாதரிடமே போய்ச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, எடுத்துக்கிட்டுப் போங்க, அந்தோனியார் கோவிச்சுக்க மாட்டாரு என்று ஏணியையும் தந்தார். அம்மா தடுக்கவில்லை. விழுந்துறாதீங்க என்று ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏறி ரிப்பனைத் தொட்டும்விட்டேன். கீழே பார்த்தால் அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டிருக்கிறாள், பிடித்த பிடியில் ஏணி நடுங்குகிறது. நீ பறக்கிற ஒவ்வொரு நாளும் எனக்கும் பயம்தான் தம்பி, ஆம்பிளை என்று வெளியில் காட்டிக்கொள்வதில்லை. எனக்குக் கை வரவில்லை. வெறும் கையோடு இறங்கிவிட்டேன்.

நீ வருவது வியாழன், விழா புதன். இடையில் ஒரு ஞாயிறு இருக்கிறது. வந்த உடனே லீவு கேட்பது கஷ்டம்தான், ஆனாலும் கேட்டுப் பார். மெடல் ஒன்று ஊரில் கிடக்கிறது என்று சொல், பொய் இல்லையே. கொழும்பில் காலை ரயிலைப் பிடித்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம், அம்மா கோழிக்குச் சொல்லிவைத்துவிட்டாள். ஆப்பிரிக்கா வெயிலில் இருந்து வருகிறாய், ஸ்வெட்டரை மறக்காதே.

அம்மா இங்கிருந்தே உன்னை நினைத்து உன் நெற்றியில் சிலுவை அடையாளம் போடுகிறாள், நேரிலும் போட வேண்டுமாம். ஆண்டவர் உன்னைக் காப்பார். என்னைப்போல் நீ கட்டையன் இல்லை தம்பி, உனக்கு ஏணி வேண்டாம். கையை நீட்டினாலே எட்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அப்பா றோலண்ட்.