பனியில் போட்ட நாற்காலி

ப்ராக்டன்,
நவம்பர் 9

அன்புள்ள ஷீலா,

போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. அதனால் காகிதத்துக்கு வந்துவிட்டேன். புளோரிடா வெயிலில் சுகம்தானே?

நேற்று ஒருவன் தெருவில் நின்று நம் வீட்டைப் படம் எடுத்தான். கேட்டேன். "விக்கப் போறாங்க, உங்களுக்குத் தெரியாதா?" என்றான். உன் அப்பா போன பிறகு வீடு உன்னுடையது, விற்கலாம். ஆனால் எனக்கு எட்டு வயதிலிருந்து மாடியில் நாங்கள்தான் குடியிருக்கிறோம். நானும் அம்மாவும் வங்கியில் கடன் கேட்டிருக்கிறோம். வசந்தம் வரை பொறு. எங்களுக்கே கொடு.

இன்னும் முதல் ரயிலில்தான் பாஸ்டன் போகிறேன். உன் அப்பாவோடு பேப்பர் படித்தபடி போன உங்கள் ஐரிஷ்காரர்கள் யாரும் இப்போது இல்லை. ஹெய்ட்டி நர்சுகளும் எங்கள் காபோ வெர்தே தீவுப் பெண்களும் வாய் பிளந்து தூங்கிக்கொண்டு போகிறோம். நாங்கள் துடைக்கும் ஆபீஸ் மேசைகளில் உட்காருகிறவர்கள், பாஸ்டன் வாடகை கட்டுபடியாகாமல் இங்கே வீடு பார்க்க வருகிறார்கள்.

அம்மா கச்சுப்பா வைத்தால், சோளம் வேகும் மணத்துக்கே உன் அப்பா தட்டோடு படியேறி வருவாரே. நேற்றும் வைத்தாள். மிஞ்சிவிட்டது.

உன்
சுல்மிரா

டாம்பா,
நவம்பர் 24

என் சுல்மி,

படித்துவிட்டு அழுதேன். கோபப்படாதே. ஒரு கம்பெனி உடனே வாங்கிக்கொள்கிறது. என் கணவர் பிரையனுக்குத் தினமும் இதே பேச்சு: "அந்த ஊர்ல இன்னும் நம்ம ஆளுங்க யாரு இருக்காங்க? வித்துத் தொலை." கையெழுத்துப் போட்டுவிட்டேன். உங்களை அவசரப்படுத்த மாட்டோம் என்றுதான் சொன்னார்கள்.

அப்பாவின் சாமான்களில் எது வேண்டுமோ எடுத்துக்கொள். அம்மாவுக்கு முத்தங்கள்.

உன்
ஷீலா

ப்ராக்டன்,
ஜனவரி 30

ஷீலா,

நம்ம ஆளுங்க யாரும் இல்லையாம். உன் அம்மா செத்த வாரம் முழுக்க நீ என் கட்டிலில் தூங்கினாய். அன்று நான் யார் ஆள்?

திங்கட்கிழமை பெரிய பனி. நமக்குப் பத்து வயதில் இப்படித்தான் கொட்டியது, நினைவிருக்கிறதா? என் அம்மா வேலையிலிருந்து வருவதற்குள் உன் அப்பா தெருவோரத்தில் அவள் காருக்குப் பனியை வெட்டி இடம் செய்து, வேறு வண்டி நுழையாதபடி உங்கள் சமையலறையின் மஞ்சள் நாற்காலியை அதில் போட்டு வைத்தார். வெட்டியவன் போட்ட நாற்காலியை இந்தத் தெருவில் எவனும் தொடமாட்டான். எதிர்வீட்டு ரூனி மட்டும் கத்தினான்: "மாடி வீட்டுக்காரிக்கு எதுக்குய்யா இடம்?" உன் அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நாற்காலி என்னோடது. தொட்டுப் பாரு."

இந்த முறை அம்மாவின் காருக்கு நான் வெட்டினேன். அதே நாற்காலியைப் போட்டுவிட்டு ரயிலுக்குப் போனேன். திரும்பி வந்தால் அங்கே கம்பெனிக்காரன் வண்டி. நாற்காலி குப்பைத் தொட்டியடியில் கவிழ்ந்து கிடந்தது. ரூனி வீட்டில் இப்போது இருக்கும் ஹெய்ட்டிக் கிழவர் எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். "தொடாதய்யான்னு சொன்னேம்மா. சிரிக்கிறான்." மார்ச்சுக்குள் நாங்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்கிறது கம்பெனி.

எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்றாய். நாற்காலியை எடுத்துக்கொண்டேன். ஒரு கால் ஆடுகிறது. உன் ஊரில் பனி இல்லை, உனக்குத் தேவைப்படாது. நாங்கள் போகும் இடத்தில் பெய்யும்.

சுல்மிரா பாரோஸ்