ரொட்டிக்கடை அண்ணன் போட்ட தாழ்ப்பாள்

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டு நலமாகவே இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்து வாய் மட்டும் கூடியிருக்கிறது. எனக்குத்தான் நாலு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. போனில் பேசினால் அவள் காதில் விழும், அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த நாட்டில் நீ வேலை பார்க்கும் பல்கலைக்கழகமும் நம் தெருப் பள்ளிக்கூடமும் சேர்ந்து சண்டைக்கால நினைவுகளைப் பதிவு செய்கிறார்கள், போய்ப் பேசுங்கப்பா என்று நச்சரித்தாயே, போனேன். அங்கிருந்து வந்த ஆசிரியை நல்ல பெண். யார் பெயரும் வேண்டாம், தொழிலை மட்டும் சொல்லுங்கள், யாருக்கும் சங்கடம் வராது என்றாள். நானும் பெரிய புத்திசாலி மாதிரித் தலையாட்டிவிட்டு, குண்டு விழுந்த அன்று ரொட்டிக்கடைக்காரர் தன் கடை நிலவறைக்குத் தாழ்ப்பாள் போட்டார், வெளியே தையல்காரம்மா கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார், பிறகு சத்தம் நின்றுவிட்டது என்று சொல்லிவிட்டேன். நம் தெருவில் எத்தனை ரொட்டிக்கடை இருக்கிறது, நீயே சொல்லு. அடுத்த மாதம் இரண்டு நாட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து அதைக் கேட்கப்போகிறார்கள். ரொட்டிக்கடை அண்ணனுடைய பேத்தியும் அந்த வகுப்பில்தான் படிக்கிறாள். நேற்று கடைக்குப் போனபோது, நீயும் போய்ப் பேசினியாமே தம்பி, பேத்தி சொன்னா என்று சிரித்துக்கொண்டே பொட்டலத்தை நீட்டினார். அவர் முகத்தைப் பார்க்காமல் வாங்கப் போய் அதைத் தரையில் போட்டுவிட்டேன்.

தாழ்ப்பாள் போட்டது அவர் கைதான். ஆனால் தட்டுகிற சத்தம் கேட்டதும் அதைத் திறக்கத்தான் அவர் எழுந்தார். அண்ணே, கும்பிடுறேன், திறக்காதீங்க என்று அவர் கையைப் பிடித்து நிறுத்தியவன் நான். உனக்கு அப்போது பத்து மாதம், என் தோளில் இருந்தாய். அம்மா மருத்துவமனையில் வேலையில் இருந்தாள், அவளுக்கு இன்றுவரை தெரியாது. முப்பத்திரண்டு வருஷமாக அந்த மனிதர் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. நான் மைக்கைக் கண்டதும் பழியை அவர் தலையில் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். திரும்பப் போய்ச் சொல்லலாம் என்று தினமும் சட்டையை மாட்டுகிறேன், பள்ளிக்கூட வாசல்வரை போகிறேன், கால் உள்ளே போக மாட்டேன் என்கிறது. அம்மா முகத்தில் எப்படி விழிப்பேன், தையல்காரம்மாவின் மகனைத் தெருவில் எப்படிப் பார்ப்பேன், ஒரே பயமாக இருக்கிறது.

இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருங்கள். குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. மொழிபெயர்க்க அந்தப் பதிவு உன்னிடம்தான் வருமாம். அதற்குள் நான் திருத்தியிருக்காவிட்டால், நடந்ததை அடியில் நீயே எழுதிவிடு. அப்பாவாயிற்றே என்று பார்க்காதே.

உன்னைத் தூக்கி வைத்திருந்த,
அப்பா