முரளிக்குப் போட்ட நீலக் கோட்

என் அன்பு மச்சான் முரளி,

நீ போய் நாற்பது நாளாகிறது. காலையில் கடையைத் திறந்தால் "டேய், தேத்தண்ணி வந்திட்டுதோ?" என்று இன்னும் கேட்கிறாய். பதில் சொல்ல வாயெடுத்துவிட்டு மூடிக்கொள்கிறேன். இன்றைக்கு உனக்குச் சொல்ல இரண்டு செய்திகள் இருக்கின்றன. நாம் இருவரும் போவதாகப் பதிந்திருந்த கொழும்பு வடிவமைப்பாளர் மாநாட்டுக்கு நான் தனியாகப் போய்வந்தேன். மற்றது, உனக்கும் அந்த நீலக் கோட்டைப் போட்டுவிட்டேன். மன்னித்துக்கொள்ளடா.

அந்தக் கோட்டின் கதை நம் இரண்டு பேருக்கும் மட்டும்தான் தெரியும். சுன்னாகத்தில் நம் அச்சுக் கடைக்கு வருவதில் பாதி செத்தவீட்டு வேலை. கண்ணீர் அஞ்சலிப் பதாகை, பிறகு முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர். கொண்டுவருகிற படமோ, கலியாண வீட்டுக் கூட்டத்தில் ஓர் ஓரமாகச் சாறம் கட்டிக்கொண்டு நிற்கிற படமாக இருக்கும். நீ ஆளை மட்டும் வெட்டி எடுத்து, கணினியில் வைத்திருக்கிற நீலக் கோட்டை மாட்டிவிடுவாய். எல்லோருக்கும் அந்த ஒரே கோட்தான். "மேலை போனால், எல்லாரும் ஒரே பள்ளிக்கூடம் எண்டு நினைக்கப்போறாங்கள் மச்சான்" என்று சொல்லிச் சிரிப்பாய். உன் இதயம் பழுதாகிக்கொண்டிருந்தது என்று அப்போது எனக்குத் தெரியவில்லையே.

மாநாட்டுக்குப் போக எனக்கு மனமே இல்லை. உன் வசந்திதான் அனுப்பினாள். "ரெண்டு பேருமாப் போகவேணும் எண்டு எவ்வளவு ஆசைப்பட்டவர். நீங்களாவது போயிட்டு வாங்கோ அண்ணை" என்றாள். கணவனை இழந்து இருபது நாள்கூட ஆகாத பிள்ளை எனக்கு ஆறுதல் சொல்கிறாள். நான் தலையை ஆட்டிவிட்டு பஸ் ஏறினேன்.

மண்டப வாசலில் மேசை நிறையப் பெயர் அட்டைகள். என்னுடையதுக்குப் பக்கத்திலேயே உன்னுடையதும் கிடந்தது. "மத்தவர் வரலையா அண்ணா?" என்று அங்கே நின்ற பிள்ளை கேட்டாள். பிறகு வருவார் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்? அவள் உன் அட்டையையும் என்னிடமே தந்தாள். இரண்டு நாளும் அது என் சட்டைப் பைக்குள் இருந்தது.

நல்ல பேச்சுகள்தான். வெற்றிடத்துக்குப் பயப்படாதீர்கள் என்று ஓர் அம்மா சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாம் எங்கேயாவது நாலு விரல் இடம் விட்டால், "தம்பி, இடம் சும்மா கிடக்குதெல்லோ, கனடா மருமோன்ரை பேரையும் போடுங்கோ" என்பார்கள் நம் ஆட்கள். இன்னொருவர் தான் பிழைவிட்ட வேலைகளை மட்டும் அரைமணி நேரம் காட்டினார். ஒரு ஐயாவின் மலரில், அதற்கு முந்தின கிழமை செத்த ஐயாவின் மருமக்கள் பெயர்களை அப்படியே விட்டு அச்சடித்தோமே, அதைக் காட்டியிருந்தால் மண்டபமே எழுந்து நின்றிருக்கும். சொல்லிச் சிரிக்கத்தான் பக்கத்தில் ஆளில்லை.

கடைசியாகப் பேசியவர் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார். இப்போது கையில் இருக்கும் வேலையை யாருக்காகச் செய்கிறீர்கள், ஒரே வரியில் எழுதுங்கள் என்றார். என் கையில் இருந்தது உன் நினைவு மலர். 'யாழினி, வயது ஆறு' என்று உன் மகளின் பெயரை எழுதினேன். அதற்கு மேல் அங்கே இருக்க முடியவில்லை. வெளியே போய்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினேன், திரும்பத் திரும்பக் கழுவினேன்.

ஊருக்கு வந்ததும் படம் தேடினேன். ஊரையெல்லாம் படமெடுத்த உனக்கு, தனியாக ஒரு நல்ல படம் இல்லை. பொங்கலன்று வல்வெட்டித்துறையில் பட்டம் பார்க்கப் போனபோது நான் எடுத்தது ஒன்றுதான் கிடைத்தது. மை பட்ட அந்தப் பழைய ரீசேட்டைப் போட்டுக்கொண்டு வாயைத் திறந்து சிரிக்கிறாய். யாழினி உன் தோளில் இருந்து, இரண்டு கையாலும் உன் நெற்றியைப் பிடித்திருக்கிறாள். அவளை வெட்டி எடுத்தாலும் விரல்கள் உன் நெற்றியில் நிற்கும். அதை அப்படியே விடுவோம் என்றுதான் நினைத்தேன்.

லண்டனிலிருந்து வந்து நிற்கிற உன் பெரியண்ணை பார்த்துவிட்டு முகத்தைச் சுழித்தார். "உயிரோடை இருக்கிற பிள்ளையின்ரை கை செத்தவீட்டுப் புத்தகத்திலை வாறதோ? ரீசேட்டோடை வேறை. தம்பி, அவன் நாலு பேர் மதிச்ச ஆள். கோட் ஒண்டைப் போட்டு விடும்." முடியாது என்று சொல்லப் பழகுங்கள் என்றும் மாநாட்டில் சொன்னார்கள்தான். எழுதியும் வைத்திருக்கிறேன். சொல்ல வாய் வரவில்லை மச்சான். உன் அடையாள அட்டைப் படத்திலிருந்து முகத்தை எடுத்தேன். நீலக் கோட்டைத் தேடவே தேவையில்லை, கை தானாகவே அதில் போய் நின்றது.

முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்குப் பிறகு, வந்தவர்களுக்கெல்லாம் மலர் கொடுத்தார்கள். நல்ல வடிவாயிருக்கு என்றார்கள். யாழினி ஒன்றை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"மாமா, இது ஆர்?"

"அப்பாதான் குஞ்சு."

"இல்லை. அப்பாட்டை இந்தச் சட்டை இல்லை."

புத்தகத்தை என் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் ஒருத்திக்காகத்தான் செய்தேன், அவளுக்கே உன்னைத் தெரியவில்லை. நான் என்ன செய்ய?

அதற்குப் பிறகு அந்தப் பொங்கல் படத்தை எத்தனையோ தரம் கணினியில் திறந்துவிட்டு மூடிவிட்டேன். திறந்தால் நீ சிரிக்கிறாய், எனக்குக் கை ஓடவில்லை. ஆனால் நாளைக்குக் கடை திறந்ததும் முதல் வேலை அதுதான். ஒரே ஒரு பிரதி. பெயர் இல்லை, திகதி இல்லை, மருமக்கள் இல்லை. அந்த ரீசேட்டோடேயே உன்னை அவளிடம் கொடுப்பேன். உன் நெற்றியில் இருக்கிற விரல்களில் ஒன்றைக்கூட வெட்ட மாட்டேன், மச்சான்.

உன் யாழினியின் மாமா,
குகன்