ட்வீட்டரில் சத்தம் இல்லை

எடமலைப்பட்டி புதூர்,
ஞாயிறு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய இரண்டு ஸ்பீக்கர் கிட்டில் எதை வைத்துக்கொள்வது என்று கேட்டாய். முதலாவதில் சத்தத்தைப் பிரித்துவிடும் கிராஸ்ஓவர் ஏமாற்று வேலை. ட்வீட்டருக்கு ஒரு கெப்பாசிட்டர் போட்டதோடு சரி, வூஃபருக்குக் காயில்கூட இல்லை. இரண்டாவதில் கீச்சென்ற மெல்லிய சத்தம் ட்வீட்டருக்கு, கனத்தது வூஃபருக்கு என்று சுத்தமாகப் பிரித்திருக்கிறான். அதுதான் என்று உடனே பூட்டினேன்.

ஸ்ரீரங்கம் பஜனைப் பதிவைப் போட்டால், ட்வீட்டரில் சத்தமே இல்லை. சாலிடரைப் பிரித்து மறுபடி வைத்தேன். அப்போதும் இல்லை. விற்றவனைத் திட்டிக்கொண்டிருந்தபோது உன் அம்மா வந்தாள்.

"நல்லாத்தானே இருக்கு! ஜால்ரா கணீர்னு கேக்குதுங்களே."

ட்வீட்டரில் காதை ஒட்டிவைத்துப் பார்த்தேன். அவள் பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள்.

நான் வேலை பார்த்த பாய்லர் ஷாப்பில் சுத்தியல் சத்தத்திலேயே கிடந்த காது. அதை எங்கே பிரித்துப் பார்ப்பது?

இரண்டாவதே இருக்கட்டும். அம்மா கேட்பாள்.

இன்னொன்று. உன் குரல் கனம், போனில் பிடிபடுகிறது. உன் மகள் அனுபமா பேசினால் எனக்கு ஒன்றும் விளங்குவதில்லை. எதற்கும் "ஆமாங் கண்ணு" என்றே சொல்லிவருகிறேன். போன வாரம் அப்படிச் சொன்னதும் குழந்தை அழுதுவிட்டாளாம்.

என்ன கேட்டாள் என்று எழுது.

அப்பா