நான் வெட்டிய பதினெட்டு வினாடி

நவம்பர் 14, வெள்ளி

காலையிலிருந்து மழை. லீவு விடுவார்கள் என்று எட்டு மணி வரை டி.வி. முன்னால் நின்றேன். விடவில்லை. சாக்ஸ் இரண்டும் ஈரம். அறிவியல் ரெக்கார்டில் இன்னும் மூன்று படம் பாக்கி.

இது போன வருடப் புவியியல் நோட்டு. பின்பக்கமிருந்து எழுதுகிறேன். அம்மா பையைத் துழாவுவாள், பழைய நோட்டைத் தொடமாட்டாள். பழைய பேப்பர்காரருக்குப் போடும் கட்டின் நடுவில் ஒளித்து வைத்திருக்கிறேன். அவர் வருவதற்குள் எடுத்துவிட வேண்டும்.

ஞாயிறு தேர்வு. பள்ளித் தேர்வு இல்லை. அடையாறில் ஒரு நடன மையம் சின்னக் குழுக்களுக்கு உதவி செய்கிறது. தேர்வானால் ஆறு மாதம் அவர்களுடைய கூடத்தில் இலவசமாகப் பயிற்சி, இரண்டு மேடை. அது போக, ஒவ்வொரு குழுவிலும் பதினெட்டு வயதுக்குள் இருக்கும் ஒருவருக்கு ஒரு வருடம் ஞாயிறுதோறும் தனிப்பயிற்சி, பஸ் செலவு, சான்றிதழ். ஒரு குழு, ஒரு பெயர்.

எங்கள் குழு: வித்யா அக்கா (இனி வி.அ.), வயது 25, ஈக்காட்டுத்தாங்கலில் ஆபீஸ். செல்வி. ப்ரீத்தி. நான். அவ்வளவுதான் குழு.

மந்தைவெளியில் ஒரு பல் டாக்டரின் மாடியில் வாடகைக் கூடம். ஆறு மணிக்கு டாக்டர் வந்த பிறகு காலால் தட்டக் கூடாது. ஊசி போடும்போது கை ஆடுகிறதாம். அதனால் ஆறுக்கு மேல் வாயால் ஜதி சொல்லிக்கொண்டு பூனை மாதிரி ஆடுவோம். செல்விக்கு அதுவே பழகிவிட்டது. சத்தமாகத் தட்டி ஆடினாலும் உதடு அசைந்துகொண்டே இருக்கும்.

செல்வி வீட்டார் முன்பு ஆற்றோரம் இருந்தவர்கள். இடித்துவிட்டுப் பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்தார்கள். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள். ஒருநாளும் தாமதமில்லை. இரண்டு தெரு தள்ளியிருக்கும் நான்தான் தாமதம். ஒரு பெயர் என்றால் செல்விதான் என்று வி.அ. முதலிலேயே சொல்லிவிட்டார். நியாயம்தான். அன்று சாப்பிடப் பிடிக்கவில்லை.

நவம்பர் 15, சனி

மழை விட்டுவிட்டு.

நாளைக்கு: ஊக்கு 2 அட்டை. சாந்து. பழைய துண்டு. சலங்கைக் கயிறு. செல்விக்கு வெள்ளைப் பூ (அவள் பக்கத்தில் இரண்டு மடங்கு விலையாம்).

எப்போதும் வி.அ. உட்கார்ந்து தட்டுக்கழி தட்டி ஜதி சொல்வார், நாங்கள் ஆடுவோம். நாளை நாங்கள் ஆடும் அதே நேரத்தில் குழுத் தலைவரைப் பக்கத்து அறையில் வைத்துக் கேள்வி கேட்பார்களாம். அதனால் அவர் குரலையும் மிருதங்கத்தையும் பதிவு செய்திருக்கிறார். எட்டு நிமிடம் பதினெட்டு வினாடி.

குழுவின் மெயில் என்னிடம்தான். வி.அ. ஆபீசுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, அதனால் என் அம்மாவின் பழைய போனில் எனக்குப் போட்டுக் கொடுத்தார். மையத்தின் மெயிலில் எட்டு நிமிடம், அதற்கு மேல் பாட்டு நிறுத்தப்படும் என்று தடித்த எழுத்தில்.

வி.அ. சொன்னது: "யாரும் ட்ராக்ல கை வைக்காதீங்க. பதினெட்டு செகண்டுக்கு ஒண்ணும் சொல்லமாட்டாங்க. சொன்னா நான் பேசிக்கிறேன்."

நான் கை வைத்துவிட்டேன்.

ஜதியை முடித்துவைக்கும் துண்டு, தீர்மானம், மூன்று தடவை வரும். அதே சொற்கள், அதே அடவு. ஒவ்வொன்றும் சரியாகப் பதினெட்டு வினாடி. கடவுளே அளந்து கொடுத்த மாதிரி இருந்தது. மூன்றாவதை எடுத்துவிட்டேன். ஒட்டிய இடம் தெரியவில்லை. பத்து தடவை கேட்டுவிட்டேன். பெருமையாகக்கூட இருந்தது. வெட்டியதையே மையத்துக்கு மெயிலில் அனுப்பிவிட்டேன். காலையில் ஆட்டோவில் போகும்போது மற்ற இரண்டு பேரிடமும் சொல்லிவிடலாம்.

நிறுத்திவிடுவார்கள் என்ற பயம். நிறுத்தினால் தேர்வாக மாட்டோம். தேர்வாகாவிட்டால் வீட்டில் எனக்கு ஆட்டமே இல்லை. அப்பா (தி.நகரில் நைட்டிக் கடை) இன்று சாப்பிடும்போது: "பத்தாங்கிளாஸுட்டி. பேரு, சர்ட்டிபிகேட்டுன்னு ஏதாவது கிடைச்சா ஆடு. இல்லன்னா பரீட்சை முடியற மட்டும் சலங்கையத் தூக்கிப் பரண்ல போட்டுரு."

நவம்பர் 16, ஞாயிறு

எழுத வேண்டாம் என்று படுத்தேன். தூக்கம் வரவில்லை.

மழை என்று அப்பா வண்டியில் கொண்டுபோய் விட்டார். ஆட்டோவில் மற்றவர்கள். அதனால் சொல்ல முடியவில்லை. ஒப்பனை அறையில் வி.அ. கூடவே நின்று ஊக்குக் குத்திக்கொண்டிருந்தார். அவர் எதிரில் எப்படிச் சொல்வது. பிறகு அவரைக் கூப்பிட்டார்கள், உடனே எங்களையும். அறையிலிருந்து மேடைக்கு இருபது அடி இருக்கும். அந்த இருபது அடியில் சொல்லியிருக்கலாம். ரெண்டுதான், மூணாவது இல்லை. அவ்வளவுதான் சொல்ல வேண்டும்.

எங்களுக்கு முன்னால் ஆடிய குழு பத்தரை நிமிடம் ஆடியது. யாரும் நிறுத்தவில்லை.

செல்வி முன்னால், நான் அவளுக்குப் பின்னால் வலப்பக்கம், எனக்குப் பின்னால் ப்ரீத்தி. ப்ரீத்திக்குச் சந்தேகம் வந்தால் என் முதுகைப் பார்த்துத்தான் ஆடுவாள். முதல் தீர்மானம். இரண்டாவது. நான் நின்றேன். என்னைப் பார்த்து ப்ரீத்தி நின்றாள். பாட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டது. செல்வி மட்டும் மூன்றாவதைத் தொடங்கிவிட்டாள். தொடங்கியவள் விடவில்லை. பாட்டு ஒரு பக்கம், அவள் கால் ஒரு பக்கம். பதினெட்டு வினாடி இவ்வளவு நீளம் என்று எனக்கு இதுவரை தெரியாது. கடைசித் தட்டு வரை ஆடி முடித்துவிட்டுத்தான் எங்களோடு சேர்ந்தாள்.

பார்ப்பவர்களுக்கு எப்படி இருந்திருக்கும். இரண்டு பேர் சரி, ஒருத்தி தப்பு.

ப்ரீத்தி உள்ளே வந்ததும்: "எங்கடி போய்ட்ட நீ? தனிக் கச்சேரி பண்ற! டிக்கெட் போட்டிருக்கலாமே."

செல்வி: "மூணுதானடி?"

என்னைத்தான் பார்த்தாள். நான் குனிந்து சலங்கை அவிழ்த்தேன். முடிச்சு இறுகிவிட்ட மாதிரி ரொம்ப நேரம் அவிழ்த்தேன். முடிச்சு இறுகவில்லை.

வி.அ. வெளியே வந்தபோது ப்ரீத்தியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். வி.அ. திட்டவில்லை. "பரவாயில்ல செல்வி. பதட்டம். எல்லாருக்கும் நடக்கும்."

செல்வியின் உதடு அப்போதும் அசைந்துகொண்டிருந்தது. எண்ணிப் பார்க்கிறாள்.

வெள்ளைப் பூவுக்குப் பதில் கனகாம்பரம்தான் கிடைத்தது. அதையும் கொடுக்க மறந்து பையிலேயே கசங்கிவிட்டது.

நவம்பர் 19, புதன்

வெயில். கணக்கு டெஸ்ட் 34/50. அம்மாவிடம் இன்னும் காட்டவில்லை.

குழு தேர்வாகிவிட்டது! மெயிலை நான்தான் முதலில் பார்த்தேன். அப்படியென்றால் அந்தத் தப்பால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அரை மணி நேரம் நிம்மதி.

மாலை வகுப்புக்குச் செல்வி வரவில்லை. முதல் தடவை.

நவம்பர் 20, வியாழன்

இன்னொரு மெயில். இதை எழுதவே பயமாக இருக்கிறது.

வீடியோ அனுப்பியிருக்கிறார்கள். கூடவே தேர்வாளர் அம்மா ஒருவரின் குறிப்பு. வார்த்தைக்கு வார்த்தை எழுதுகிறேன்: "முன்னால் ஆடிய பெண் மூன்று தீர்மானத்தையும் முழுமையாக ஆடி முடித்தார். பதிவில்தான் ஒன்று விடுபட்டதுபோல் தெரிகிறது, சரிபார்க்கவும். பாட்டு கைவிட்ட பிறகும் தாளத்தை விடாத அந்தப் பெண் யார்?"

நான்கு தடவை படித்தேன். பிறகு மெயிலைக் கண்ணில் படாத இடத்துக்கு மாற்றிவிட்டேன். அழிக்கவில்லை. அழிக்கவில்லை என்பதை என்னவோ பெரிய நேர்மை மாதிரி எழுதுகிறேன்.

நவம்பர் 22, சனி

செல்வி இன்றும் இல்லை. வி.அ. போன் போட்டார். அவள் அம்மா எடுத்தார். ஒலிபெருக்கியில் எங்களுக்கும் கேட்டது.

"செல்வி எங்க வருதும்மா. ஈக்காட்டுத்தாங்கல்ல பேக்கிங் வேலைக்குப் போய்க்கினு கீது, சனி ஞாயிறு. ஆட்டம் வேணாம்ன்ட்சு. இன்னா ஆச்சுன்னு கேட்டா வாயே தொறக்க மாட்டேங்குது. யாராவது ஏதாவது சொன்னீங்களா?"

"இல்லம்மா, யாரும் ஒண்ணும் சொல்லல" என்றார் வி.அ.

உண்மைதான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பிறகு கூடத்தைப் பெருக்கிக்கொண்டே வி.அ.: "தனிப்பயிற்சிப் படிவம் வர்ற திங்களுக்கு அடுத்த திங்கள் குடுக்கணும். செல்வி வரலைன்னா... கோமு, உன் பேரப் போட்டுடறேன். அன்னிக்கு நீதான் தடுமாறாம ஆடினியாம்."

ப்ரீத்தி கை தட்டினாள். "ட்ரீட் வெக்கணும்டி!" நான் சிரித்தேன். சிரித்தேன் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

அப்பாவிடம் சொன்னது அம்மா. அப்பா கடையிலிருந்து வரும்போது அல்வா. "நம்ம கோமு பேரு வந்துட்டுல்லா" என்று மாடி வீட்டு மாமாவிடம் வேறு.

அல்வா இனிப்பாகவே இல்லை.

நவம்பர் 25, செவ்வாய்

புயல் என்று செய்தி. லீவு. மழையே இல்லாத லீவு.

சொல்லிவிடலாம் என்று நான் நினைத்த இடங்கள்:
வி.அ. வீட்டு வாசல் (செருப்பு நிறைய இருந்தது, விருந்தாளி).
மாட வீதியில் அவரோடு நடக்கும்போது (ப்ரீத்தி கூட).
கூடத்துப் படிக்கட்டு (டாக்டரிடம் வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்).
வாட்ஸப்பில் (எழுதி, அழித்து, எழுதி, அழித்து. "என்ன டைப் பண்ணிண்டே இருக்க?" என்று அவரே கேட்டார். "ஒண்ணுமில்லக்கா, வீட்டுப்பாடம்.")

எல்லா இடத்திலும் ஏதோ ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. எனக்குக் காரணம் தேடுவது நன்றாக வருகிறது.

வீடியோவை இன்று ஒலியில்லாமல் பார்த்தேன். ஒலியில்லாமல் பார்த்தால் செல்வி ஒருத்திதான் ஆடுகிறாள். நாங்கள் இரண்டு பேரும் பாதியில் நின்ற மாதிரி இருக்கிறது.

நவம்பர் 28, வெள்ளி

இரவு அம்மா கதவைத் திறந்தாள். "ஏட்டி, இன்னும் என்ன எழுத்து?" புவியியல் என்றேன். "போன வருசத்து நோட்டுல என்ன புவியியலு?" கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள். இன்னும் நெஞ்சு அடிக்கிறது.

இதற்கே இப்படி. அவள் இரண்டு பஸ்ஸில் வந்து, முன்னால் நின்று, அத்தனை பேர் பார்க்க.

நவம்பர் 29, சனி

சொல்லிவிட்டேன்.

ஐந்து மணி, கூடம். ப்ரீத்தி வருவதற்கு முன். போனில் முதலில் முழுப் பாட்டைப் போட்டேன். பிறகு வெட்டிய பாட்டு. பிறகு மெயிலைத் திறந்து கையில் கொடுத்தேன்.

வி.அ. படித்தார். தேதியைப் பார்த்தார். திரும்பப் படித்தார்.

"வியாழக்கிழமையே வந்திருக்கு. போன வாரத்து வியாழன்."

"ஆமாக்கா."

"அவ கேட்டாளே, மூணுதானேன்னு. நான் பதட்டம்னுட்டேன். ட்ராக்கப் போட்டுக் கேக்கணும்னுகூடத் தோணல எனக்கு." அதை என்னிடம் சொல்லவில்லை. தனக்கே சொல்லிக்கொண்டார்.

நான் அழுதேன். அவர் என் தலையைத் தொடவில்லை. தொடுவார் என்று நினைத்திருந்தேன்.

"எங்கிட்ட சொன்னது சரி. சொல்ல வேண்டியது எங்கிட்ட இல்ல." படிவத்தை என் முன் வைத்தார். பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. என் பெயரை அவர் இன்னும் எழுதியிருக்கவே இல்லை. ஒரு வாரமாகச் செல்விக்காக வைத்திருந்தாராம். "நாளைக்கு நீயே போன் பண்ணு. அப்புறம் நீயே எழுது."

கீழே டாக்டர் வந்துவிட்டார். இருவரும் மெதுவாக இறங்கினோம்.

நவம்பர் 30, ஞாயிறு

காற்று. துணி காயவில்லை.

காலையில் அப்பாவிடம். முழுவதும் சொல்லவில்லை, பெயர் செல்விக்கு என்று மட்டும். அப்பா தட்டிலிருந்து தலை தூக்கவில்லை. "அப்பம் சலங்கை பரணுக்குத்தான்." அவ்வளவுதான். கோபம்கூட இல்லை. மாடி வீட்டு மாமாவிடம் என்ன சொல்வார்.

மாலை ஏழு. செல்வி வேலை முடிந்து பஸ்ஸில். பின்னால் ஹார்ன், நடத்துநர் சத்தம்.

"ட்ராக்க நான்தான் வெட்டினேன் செல்வி."

"தெரியும்டி."

"எப்படி?"

"ப்ரீத்தி தடுமாறினா. பின்னாடி அவ சலங்க சத்தம் ஒதறிச்சு. நீ ரெண்டாவதுல சும்மா நச்சுன்னு நின்ன. தெரியாதவ அப்டி நிப்பாளா? நீ போன் பண்ணுவேன்னு பாத்துக்கினு இருந்தேன். ரெண்டு வாரம்."

மன்னிப்புக் கேட்டேன். படிவத்தில் அவள் பெயரை எழுதப்போவதாகச் சொன்னேன்.

"எழுதிக்கோ. வரேன்னு சொல்லல. ஞாயித்துக்கெயம லீவு போட்டா சூப்பர்வைசர் வேற ஆள வெச்சிடுவான்."

மெயிலைப் பற்றிச் சொன்னேன். அந்த அம்மாவின் குறிப்பு.

"இன்னா போட்டுக்கீறாங்க? படி."

படித்தேன்.

"இந்த பஸ்ல ஒண்ணும் கேக்கல. இன்னொரு வாட்டி."

கொஞ்சம் சத்தமாகப் படித்தேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். பரவாயில்லை.

செல்வி போனை வைக்கவில்லை. காத்திருக்கிறாள் என்று தெரிந்தது.

மூன்றாவது தடவையும் படித்தேன், கடைசி வார்த்தை வரை. அதற்குப் பிறகுதான் வைத்தாள்.